உலகக் கோப்பை ஆடாத மிகாய்லிச்சென்கோ: கேள்விக்கு ஒரு நீண்ட பதில்

கேள்வி இதுதான்: ஐரோப்பாவில் அந்த வருடத்தின் சிறந்த கால்பந்து ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் பாலோன் டி'ஓர் விருதின் 1988ஆம் ஆண்டுப் பட்டியலில் வான் பாஸ்டன், குல்லிட், ரைக்கார்ட் என்று மூன்று டச்சுக்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். நாலாவதாக ஒலெக்சி மிகாய்லிச்சென்கோ என்று ஒரு பெயர் இருக்கிறது. யார் இவர், ஏன் யாரும் இவரைப் பற்றிப் பேசுவதில்லை, பயிற்சியாளராகத் தோற்றுப்போனவர் என்பது உண்மையா, பார்ப்பதென்றால் எந்த ஆட்டங்களைப் பார்க்கலாம்?

கால்பந்தில் ஒருவர் பெயர் நாடு கடந்து நிலைக்க வேண்டுமென்றால் உலகக் கோப்பையில் ஆடியிருக்க வேண்டும். மிகாய்லிச்சென்கோவுக்கு அது ஆட்டக்காரராகவும் வாய்க்கவில்லை, பயிற்சியாளராகவும் வாய்க்கவில்லை. ஒருமுறை இரண்டுமுறை அல்ல, நான்கு முறை, நான்கு வெவ்வேறு காரணங்களால் தவறிப்போனது. அவருடைய கதையைச் சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

1963 மார்ச் 30இல், அன்று சோவியத் ஒன்றியத்தில் இருந்த உக்ரைனின் கீவ் நகரில் பிறந்தவர். டைனமோ கீவ் கிளப்பின் பள்ளியிலேயே வளர்ந்து 1981இல் பெரியவர்கள் அணிக்கு வந்தார். அப்போது அங்கே பயிற்சியாளர் வலேரி லோபனோவ்ஸ்கி. புள்ளியியல் தெரிந்த அனடோலி செலென்ட்சோவ் என்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆட்டக்காரரும் ஆட்டத்தில் எத்தனை முறை பந்தைத் தொட்டார், எத்தனை முறை பறித்தார், எத்தனை முறை தவறவிட்டார் என்று எண்ணிக் கணக்கு வைத்த மனிதர். இன்று எல்லா பெரிய கிளப்பும் செய்வதை அவர் எழுபதுகளிலேயே தொடங்கிவிட்டார். அந்தக் கணக்கில் தேறாதவர் எவ்வளவு அழகாக ஆடினாலும் உட்கார வேண்டியதுதான்.

மிகாய்லிச்சென்கோ நெடுநெடுவென்று உயரம். நீண்ட எட்டு வைத்து ஓடுவார். பந்து காலில் இருக்கும்போது அவசரமே தெரியாது. பார்க்கிறவர்களுக்குச் சோம்பேறித்தனம் போலத் தெரியும் இந்த நிதானம் பிற்பாடு ஸ்காட்லாந்தில் அவருக்கு வம்பாகவும் ஆனது. ஆனால் லோபனோவ்ஸ்கியின் நோட்டுப்புத்தகத்தில் சோம்பேறிகளுக்கு இடமில்லை. அங்கே நிலைத்தார் என்பதே அவர் எவ்வளவு ஓடினார் என்பதற்குச் சான்று.

நிலைப்பதற்குத்தான் நேரம் பிடித்தது. டைனமோவின் நடுக்களத்தில் சவரோவ், யாகோவென்கோ, ராட்ஸ், யாரெம்சுக் என்று கூட்டம். 1986 மே மாதம் லியோனில் அட்லெட்டிகோ மாட்ரிட்டை 3-0 என்று அடித்து டைனமோ பட்டம் வென்ற, தத்தம் நாட்டுக் கோப்பையை வென்ற கிளப்புகளுக்கான ஐரோப்பியப் போட்டியின் ஃபைனலில் இவர் ஆடவில்லை. அடுத்த மாதம் மெக்சிகோ உலகக் கோப்பைக்குப் போன சோவியத் அணியில் பாதிக்கு மேல் டைனமோக்காரர்கள்; அதிலும் இவர் இல்லை. முதல் உலகக் கோப்பை இப்படிப் போனது. அப்போது வயது 23.

அடுத்த வருடமே நிலைமை மாறியது. 1987இல் உக்ரைனின் சிறந்த ஆட்டக்காரர் விருது, தேசிய அணியில் இடம் எல்லாம் வந்தன. அந்த வருடம் செப்டம்பரில் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பையின் முதல் சுற்றில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கீவுக்கு வந்தது. டைனமோ 1-0 என்று வென்றது. பெனால்டியில் அந்த கோலை அடித்தவர் மிகாய்லிச்சென்கோ.

இரண்டாவது ஆட்டம் கிளாஸ்கோவில், ஐப்ராக்ஸ் மைதானத்தில். கீவ் அணி அகலமாகப் பரவி இரண்டு ஓரங்களிலும் ஓடி ஆடுகிற அணி என்பதை ரேஞ்சர்ஸ் மேலாளர் கிரேம் சூனஸ் முதல் ஆட்டத்தில் பார்த்திருந்தார். முந்தின நாள் டைனமோ ஆட்கள் மைதானத்தில் பயிற்சி எடுத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் ஆட்டத்துக்கு வந்தால் பக்கக் கோடுகள் இரண்டும் உள்ளே தள்ளி வரையப்பட்டிருக்கின்றன! விதி அனுமதிக்கிற குறைந்தபட்ச அகலத்துக்கு மைதானத்தைச் சுருக்கிவிட்டார் சூனஸ். சட்டப்படி தப்பில்லை. ரேஞ்சர்ஸ் 2-0 என்று வென்று அடுத்த சுற்றுக்குப் போனது. ஓரத்தில் ஓட இடமில்லாமல் அன்று தவித்தவர்களில் ஒருவர் நான்கு வருடம் கழித்து அதே மைதானத்துக்கு அதே நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆட வருவார் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இப்போது 1988. இந்த ஒரு வருடம்தான் மிகாய்லிச்சென்கோவின் வாழ்க்கையில் உச்சம், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஜூனில் மேற்கு ஜெர்மனியில் யூரோ, அதாவது ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான போட்டி. லோபனோவ்ஸ்கிதான் சோவியத் அணிக்கும் பயிற்சியாளர். முதல் ஆட்டத்தில் நெதர்லாந்தை 1-0 என்று வென்றார்கள், அயர்லாந்துடன் 1-1. ஃபிராங்க்ஃபர்ட்டில் இங்கிலாந்தை 3-1 என்று அடித்தபோது இரண்டாவது கோல் மிகாய்லிச்சென்கோ தலையால் முட்டியது. செமி ஃபைனலில் இத்தாலி. மால்தினி, பரேசி, வியாலி, மான்சினி இருந்த அணியை மூச்சுவிட விடாமல் துரத்தித் துரத்திப் பந்தைப் பறித்து 2-0 என்று முடித்தார்கள். லோபனோவ்ஸ்கி என்ன நினைத்தார் என்பது மொத்தமும் களத்தில் தெரிந்த ஆட்டம் அது. ஃபைனலில் மறுபடியும் நெதர்லாந்து. தடுப்பாளர் குஸ்நெட்சோவ் மஞ்சள் அட்டைக் கணக்கில் வெளியே உட்கார்ந்திருக்க, குல்லிட் ஒன்று, பந்து தரையைத் தொடும் முன் வான் பாஸ்டன் அடித்த அந்தப் புகழ்பெற்ற வாலி ஒன்று. பெலானோவ் பெனால்டியையும் தவறவிட்டார். 0-2.

மூன்று மாதம் கழித்து சியோல் ஒலிம்பிக். இங்கேதான் ஒரு வேடிக்கை. ஐரோப்பா, தென் அமெரிக்கா அணிகளில் உலகக் கோப்பை ஆட்டம் ஆடியவர்கள் ஒலிம்பிக்கில் ஆடக் கூடாது என்று அப்போது ஒரு விதி. மெக்சிகோவில் ஆடிய டைனமோ நட்சத்திரங்களுக்கெல்லாம் கதவு மூடியிருந்தது. மெக்சிகோவுக்கே போகாத மிகாய்லிச்சென்கோவுக்குத் திறந்திருந்தது. 1986இல் ஒதுக்கப்பட்டவருக்கு அந்த ஒதுக்கலே வழிவிட்டது. அனடோலி பிஷோவெட்ஸ் பயிற்சியில் அந்த அணி அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, செமி ஃபைனலில் இத்தாலி என்று ஒவ்வொருவராகத் தாண்டியது. மிகாய்லிச்சென்கோ மொத்தம் 5 கோல். ஃபைனலில் ரொமாரியோ இருந்த பிரேசில். ரொமாரியோ முதலில் அடித்தார், டொப்ரோவோல்ஸ்கி பெனால்டியில் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் சாவிச்சேவ் முடித்தார். 2-1, தங்கம். நடுக்கள ஆட்டக்காரர் ஒருவர் யூரோ ஃபைனல், ஒலிம்பிக் தங்கம் இரண்டையும் ஒரே வருடத்தில் பார்த்தால் பாலோன் டி'ஓரில் நாலாம் இடம் வருவதில் வியப்பில்லை. அந்த விருது அப்போது ஐரோப்பியர்களுக்கு மட்டும்தான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மரடோனா கணக்கிலேயே கிடையாது.

1990 இத்தாலி உலகக் கோப்பைக்குப் போகும் அணியில் அவர் கட்டாயம் இருந்திருப்பார். ஆனால் காயம். அவர் இல்லாத சோவியத் அணி ருமேனியாவிடமும் அர்ஜென்டினாவிடமும் தோற்று முதல் சுற்றிலேயே வீடு திரும்பியது. இரண்டாவது உலகக் கோப்பை இப்படிப் போனது.

அந்தக் கோடையில் இத்தாலிக்குப் போகத்தான் போனார், உலகக் கோப்பைக்கு அல்ல, சம்ப்டோரியா கிளப்புக்கு. வுயாடின் போஷ்கோவ் பயிற்சியாளர், முன்னால் வியாலியும் மான்சினியும். அந்த 1990-91 சீசனில் சம்ப்டோரியா தன் வரலாற்றிலேயே முதல் தடவையாக இத்தாலிய லீக்கை வென்றது. இன்றுவரை ஒரே தடவையும் அதுதான். மிகாய்லிச்சென்கோ அந்த அணியின் முதுகெலும்பு என்று சொன்னால் அது மிகை. வெளிநாட்டவர் மூன்று பேரில் இவர் ஒருவர், மற்ற இருவர் செரேசோவும் கடனெட்ஸும். காயத்திலிருந்து மீண்டு வந்தவருக்கு நிரந்தர இடம் கிடைக்கவில்லை. 24 லீக் ஆட்டம், 3 கோல், ஒரு சாம்பியன் பட்டம். இத்தாலிக்கு முதலில் போன சோவியத் ஆட்டக்காரர் சவரோவ் யுவென்டஸில் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது மோசமில்லை என்று தோன்றும்.

ஒரே வருடத்தில் அங்கிருந்து கிளம்பி 1991 கோடையில் ரேஞ்சர்ஸ். சூனஸ் அதற்குள் லிவர்பூலுக்குப் போய்விட, வால்டர் ஸ்மித் மேலாளர். ரேஞ்சர்ஸ் தொடர்ந்து ஒன்பது லீக் பட்டம் வென்ற காலம் அது. அதில் 1992 முதல் 1996 வரை ஐந்து பட்டங்கள் இவர் இருந்தபோது. ரசிகர்களுக்கு அவர் 'மிக்கோ'. சில நாள் அவர் ஆட்டம் கண்ணைப் பறிக்கும், சில நாள் அவர் களத்தில் இருக்கிறாரா என்று தேட வேண்டும் என்றார்கள். இந்தக் குறையில் பாதி நியாயம் உண்டு. மீதிப் பாதி, அவரை இடது ஓரத்தில் தள்ளி ஆடவைத்ததன் விளைவு என்பது என் எண்ணம். கீவில் நடுவில் நின்று ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்து உள்ளே நுழைந்து கோல் அடித்தவரை, கோட்டோரம் நின்று பந்து வரும்வரை காத்திரு என்றால் எப்படி? ஐரோப்பியப் போட்டிகளில் வேறு தொல்லை: ஸ்காட்லாந்துக் கிளப்புக்கு இங்கிலாந்துக்காரரும், சிலருக்கு மட்டுமே இடம் உள்ள வெளிநாட்டவர் கணக்கில் வருவார். அப்படியிருக்க உக்ரைன்காரருக்கு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

இதற்கிடையில் அவர் பிறந்த நாடே மாறிவிட்டது. 1992 யூரோவுக்குத் தகுதி பெற்றது சோவியத் ஒன்றியம். போட்டி வந்தபோது அப்படி ஒரு நாடு இல்லை. சுதந்திர நாடுகளின் கூட்டமைப்பு என்ற பெயரில், சொந்த தேசிய கீதம்கூட இல்லாமல் பேத்தோவனின் இசையை ஒலிக்கவிட்டு ஆடிய அந்த அணிக்கு மிகாய்லிச்சென்கோ கேப்டன். ஜெர்மனியுடன் கடைசி நிமிடத்தில் வெற்றியை இழந்து 1-1, நெதர்லாந்துடன் 0-0. மூன்றாவது ஆட்டம் ஸ்காட்லாந்து. எதிரே கோரம், கஃப், மெக்காய்ஸ்ட் என்று அவருடைய ரேஞ்சர்ஸ் தோழர்கள். 0-3. அந்த அணி அத்தோடு கலைந்தது.

பிறகு யாருக்கு ஆடுவது என்ற கேள்வி எல்லோருக்கும் வந்தது. சோவியத் அணியின் இடம் ரஷ்யாவுக்குப் போனது. 1994 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் உக்ரைனைச் சேர்க்கவில்லை. கஞ்செல்ஸ்கிஸ், ஒனோப்கோ, யூரான் என்று உக்ரைனில் பிறந்த பலர் ரஷ்யச் சட்டையைப் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை. ஆட்டக்காரரின் காலம் குறுகியது. மிகாய்லிச்சென்கோ போகவில்லை. உக்ரைனுக்கு ஓரிரு ஆட்டம் மட்டும் ஆடி முடித்துக்கொண்டார். மூன்றாவது உலகக் கோப்பையும் போனது. இந்தத் தடவை போக ஒரு வழி இருந்தும் அதில் அவர் நடக்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

சரி, பயிற்சியாளர் கதைக்கு வருவோம்.

1997இல் லோபனோவ்ஸ்கி வளைகுடா நாடுகளில் இருந்துவிட்டு மீண்டும் டைனமோவுக்கு வந்தபோது மிகாய்லிச்சென்கோவை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். ஷெவ்சென்கோவும் ரெப்ரோவும் கேம்ப் நூவில் பார்சிலோனாவை 4-0 என்று அடித்ததும், 1999இல் சாம்பியன்ஸ் லீக் செமி ஃபைனல் வரை போனதும் அந்தக் காலத்தில்தான். 2002 மே 7ஆம் தேதி சப்போரிஷியாவில் நடந்த லீக் ஆட்டத்தின்போது லோபனோவ்ஸ்கிக்கு உடல்நிலை மோசமாகி, மே 13இல் இறந்தார். அணி உதவியாளர் கைக்கு வந்தது.

எந்த நிலையில் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கீவ் நகரமே துக்கத்தில் இருக்கிறது. ஷெவ்சென்கோ, ரெப்ரோவ் எல்லாம் எப்போதோ போய்விட்டார்கள். அந்த சீசனில் டோனெட்ஸ்கின் ஷக்தார் முதல் தடவையாக உக்ரைன் லீக்கை வென்று டைனமோவின் நீண்ட ஆட்சியை முடித்திருக்கிறது. இந்த இடத்திலிருந்து மிகாய்லிச்சென்கோ 2002-03இல் லீக்கும் கோப்பையும், 2003-04இல் மறுபடி லீக்கும் வென்றார். இதைச் செய்தவரைத் தோற்றவர் என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது?

சாம்பியன்ஸ் லீக்கைச் சொல்வார்கள். இரண்டு தடவையும் குழுச் சுற்றிலேயே வெளியேறினார், உண்மை. ஆனால் எப்படி வெளியேறினார் என்று பாருங்கள். 2002 நவம்பரில் கடைசி ஆட்டத்துக்கு முன் டைனமோ இரண்டாம் இடம். கீவில் யுவென்டஸிடம் 1-2 தோல்வி. அதே நேரம் ராட்டர்டாமில் நியூகாசிலும் ஃபெயனூர்டும் 2-2. அது அப்படியே முடிந்திருந்தால் டைனமோவுக்கும் நியூகாசிலுக்கும் 7 புள்ளி, நேருக்கு நேர் கோல் கணக்கில் டைனமோ மேலே. கூடுதல் நிமிடங்களில் கிரெய்க் பெல்லமி ஒரு கோல் போட்டார். நியூகாசில் உள்ளே, டைனமோ வெளியே. மறு வருடம் ஆர்சனல், இன்டர், லோகோமோட்டிவ் மாஸ்கோ இருந்த குழு. அந்த சீசனில் இங்கிலாந்து லீக்கில் ஒரு ஆட்டமும் தோற்காத ஆர்சனலைக் கீவில் 2-1 என்று வென்றார்கள். கடைசி நாளில் இன்டருடன் 1-1. இன்னும் ஒரு கோல் அடித்திருந்தால் இரண்டாம் இடம். அடிக்கவில்லை, அதனால் கடைசி இடம்! நாலு அணிக்கும் இடையே மொத்தம் மூன்று புள்ளிதான் வித்தியாசம்.

2004 ஆகஸ்ட்டில் தகுதிச் சுற்றில் சொந்த ஊரிலேயே துருக்கியின் டிராப்சோன்ஸ்போரிடம் 1-2 என்று தோற்றதும் பொறுமை தீர்ந்து அவரை மாற்றினார்கள். ஷக்தாரில் அந்த வருடம்தான் லூசெஸ்கு பயிற்சியாளராக வந்து சேர்ந்திருந்தார். அதற்கப்புறம் டைனமோ பயிற்சியாளர்களாக இருந்தவர்கள் பட்ட கஷ்டத்தைப் பார்த்தால் இவருடைய இரண்டு வருடம் பொற்காலம் மாதிரித் தெரியும்.

அடுத்து 21 வயதுக்குட்பட்டோர் உக்ரைன் அணி. 2006இல் போர்ச்சுகலில் நடந்த ஐரோப்பியப் போட்டி. மிலெவ்ஸ்கி, அலியேவ், சிஹ்ரின்ஸ்கி, கோல்கீப்பர் பியாடோவ் என்று நல்ல தலைமுறை. குழு ஆட்டத்தில் நெதர்லாந்தை 2-1 என்று வென்றார்கள். ஃபைனலில் அதே நெதர்லாந்திடம் 0-3 என்று தோற்றார்கள். 18 வருடம் முன் மிகாய்லிச்சென்கோ ஆடிய யூரோவில் நடந்தது அச்சுப் பிசகாமல் மறுபடி நடந்தது. அந்தப் பையன்களில் சிலர் போட்டி முடிந்த கையோடு உக்ரைனின் முதல் உலகக் கோப்பைக்காக ஜெர்மனி போனார்கள். அங்கே பயிற்சியாளர் பிளோகின். இளைஞர்களைத் தயார் செய்தவர் வீட்டில்.

2008 தொடக்கத்தில் பிளோகினின் இடத்துக்கு வந்தார். 2010 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இங்கிலாந்து, குரோஷியா இருந்த குழு. இங்கிலாந்து எல்லா ஆட்டமும் வென்று, தகுதியும் பெற்றுவிட்டு 2009 அக்டோபர் 10இல் ட்னிப்ரோபெட்ரோவ்ஸ்க் வந்தது. கால் மணி நேரத்துக்குள் கோல்கீப்பர் ராபர்ட் கிரீன் ரெட் கார்டு வாங்கினார். கிடைத்த பெனால்டியை ஷெவ்சென்கோ கம்பத்தில் அடித்தார். மைதானம் தலையில் கைவைத்தது. கொஞ்ச நேரத்தில் நசரென்கோ போட்ட கோலில் 1-0. அந்தச் சுற்றில் இங்கிலாந்து தோற்ற ஒரே ஆட்டம் இதுதான். குரோஷியாவை ஒரு புள்ளியில் முந்தி உக்ரைன் இரண்டாம் இடம்.

பிளே ஆஃபில் கிரீஸ். ஏதென்ஸில் 0-0 என்று டிரா செய்துவிட்டு டோனெட்ஸ்க் வந்தபோது வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பயிற்சியாளர் ஓட்டோ ரேஹாகலின் கிரீஸ் ஒரு தடவை முன்னேறி சல்பிங்கிடிஸ் மூலம் ஒரு கோல் அடித்தது, பிறகு பூட்டிவிட்டது. 0-1. நான்காவது உலகக் கோப்பையும் போய், அவருடைய ஒப்பந்தமும் அந்த வருடக் கடைசியோடு போனது. இந்தத் தோல்விக்கு அவர் பொறுப்பு உண்டு. பூட்டிய தடுப்பைத் திறக்க அன்று அவர் அணியிடம் இரண்டாவது யோசனை இல்லை. லோபனோவ்ஸ்கி பள்ளியின் பலமே எதிராளி பந்தை வைத்திருக்கும்போது துரத்துவதில்தான். பந்தே வேண்டாம் என்று பின்னால் உட்கார்ந்துகொள்கிற அணியிடம் அந்தப் பள்ளிக்காரர்கள் பலரும் திணறியிருக்கிறார்கள்.

அப்புறம் டைனமோவிலேயே விளையாட்டு இயக்குநர் வேலை. 2019 ஆகஸ்ட்டில் பயிற்சியாளர் ஹட்ஸ்கெவிச்சை நீக்கிவிட்டு, கையில் இருக்கிறவர் என்று இவரையே மறுபடி அணிக்குப் பொறுப்பாக்கினார்கள். இந்தக் காலத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகமில்லை. யூரோபா லீக் குழுவில் மால்மோ, கோபன்ஹேகன் இரண்டுக்கும் பின்னால் மூன்றாவது. லீக்கில் ஷக்தார் எட்டாத தூரத்தில். 2020 ஜூலையில் கொரோனாவால் காலி மைதானத்தில், கார்கிவில் நடந்த உக்ரைன் கோப்பை ஃபைனலில் வோர்ஸ்க்லாவை டை பிரேக்கரில் 8-7 என்று வென்றார்கள். அதே மாதம் அவர் விலக, வந்தவர் லூசெஸ்கு. ஷக்தாரை வைத்து டைனமோவைப் பல வருடம் அழவைத்த அதே லூசெஸ்கு. ரசிகர் கூட்டம் கொந்தளித்தது. ஆனால் அடுத்த சீசனிலேயே அவர் பட்டம் வாங்கிக் கொடுத்ததும் அடங்கியது.

பார்ப்பதற்கு ஆட்டம் கேட்டிருந்தீர்கள். யூரோ 1988 செமி ஃபைனல், இத்தாலிக்கு எதிராக ஸ்டுட்கார்ட்டில் நடந்ததை முழுதாகப் பாருங்கள். பந்தை விட்டுவிட்டு அவர் எங்கே நிற்கிறார், இத்தாலியர் ஒருவர் திரும்பும்போது யார் முதலில் ஓடிவருகிறார் என்று கவனித்தால் சோம்பேறி என்ற பேச்சு எவ்வளவு தப்பு என்று தெரியும். கோல் மட்டும் பார்க்க வேண்டுமென்றால் அதே போட்டியில் இங்கிலாந்துக்கு எதிரான தலைமுட்டு. பயிற்சியாளரைப் பார்க்க 2003இல் கீவில் ஆர்சனலை வென்ற ஆட்டம். கிரீஸ் ஆட்டத்தைப் பொறுமை இருந்தால் பாருங்கள், எனக்கு இல்லை.